கோல்ஃப்: அடிக்கத் தெரிஞ்சா போதாதுங்களா?

ஜூன் 7, ராத்திரி 9.40 (கேள்வி)

ஏனுங்ணா, அடுத்த மாசம் எங்க மில்லுல இருந்து செட்டிபாளையம் கோல்ஃப் கோர்ஸுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பயிற்சி ரேஞ்சுல ரெண்டு மாசமா அடிச்சுப் பழகிட்டேன், ஏழாம் நம்பர் அயர்ன்ல பந்து நேராப் போகுது. கூட வர்ற பெரியவர் ஒருத்தர், "ரூல்ஸ் தெரியாம கோர்ஸுக்குள்ள கால் வெக்காதே"ங்கறார். புத்தகத்தைத் தொறந்தா 25 ரூலு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் கிளை கிளையாப் பிரியுது. எனக்கென்னமோ இது காலர் வெச்ச சட்டை போட்டவங்க பந்தான்னுதான் படுது. பந்தை அடிச்சுக் குழில போட்டா ஆட்டம் முடிஞ்சுது. தப்புங்களா?

ஜூன் 8, காத்தால 6.15

காலர் விஷயத்துல நீங்க சொல்றது சரி. விதிப் புத்தகத்துல சட்டைக் காலரைப் பத்திப் பேச்சே இல்லை. அது கிளப்புக் கிளப்பு வெச்சிருக்கற கட்டுப்பாடு. முன்னாடி நாள் போன் போட்டுக் கேட்டுக்கோணும், அவ்வளவுதான். ஜீன்ஸ் வேண்டாம், காலர் வெச்ச டீஷர்ட், அடியில இரும்பு ஆணி இல்லாத ஷூ. எங்க போனாலும் இது செல்லும்.

மிச்சம் தப்பு. கபடிக்கு ரெஃப்ரி உண்டு, கிரிக்கெட்டுக்கு அம்பயர் உண்டு. கோல்ஃப்ல உங்க கூடவே நடந்து வந்து விசில் அடிக்க யாரும் கிடையாது. புதருக்குப் பின்னால குச்சியை நகர்த்தறப்ப பந்து ஒரு விரக்கடை உருண்டுச்சுன்னா, பார்த்தது நீங்க மட்டும். ஒரு அடி கூட்டிக்கிட்டு, பந்தைப் பழைய இடத்துல வெச்சுட்டு ஆடோணும். விதி தெரியாதவனுக்குத் தான் ஏமாத்தறோம்னே தெரியாம போயிரும். அந்தப் பெரியவர் பயப்படறது இதுக்குத்தான்.

1744ல ஸ்காட்லாந்துல லீத்துங்கற ஊர்ல முதல்முதலா எழுதி வெச்ச விதி மொத்தமே 13தான். இன்னைக்கு 25 ஆனாலும் அடி வேர் ஒண்ணு: பந்து எப்படிக் கிடக்குதோ அப்படியே ஆடு, தரை எப்படி இருக்குதோ அப்படியே ஆடு. மத்த எல்லாமே "அப்படி ஆட முடியலைன்னா என்ன வழி, அதுக்கு என்ன விலை"ங்கறதுதான். இந்தக் கண்ணோட படிச்சா புத்தகம் மிரட்டாது.

ஜூன் 8, பொழுதோட 7.30

முதல் டீல இருந்து ஆரம்பிக்கலாம். டீன்னா ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கற இடம்; பந்தை வெக்கற சின்ன ஆணிக்கும் அதே பேர்.

பையில 14 கிளப்புக்கு (பந்தை அடிக்கற கோல்) மேல இருக்கக் கூடாது. இரவல் செட்டு வாங்கிட்டு வர்றவங்க இதை எண்ணறதே இல்லை. 15 இருந்தா, இருந்த ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு அடி தண்டம், ஒரு சுத்துக்கு அதிகபட்சம் நாலு. புதுசா ஆடறவங்களுக்கு ஏழெட்டுக் கிளப்பே தாராளம்.

பந்து மேல பேனாவுல ஏதாச்சும் அடையாளம் போடுங்க, ரெண்டு புள்ளியோ ஒரு கோடோ. ஒரே கம்பெனி, ஒரே நம்பர் பந்து நாலு பேர் கையில இருக்கும். அடுத்தவர் பந்தை அடிச்சா ரெண்டு அடி தண்டம், திரும்பிப் போய் உங்க பந்தை ஆடோணும். அதைச் சரி பண்ணாம அடுத்த டீல அடிச்சுட்டா ஸ்ட்ரோக் பிளேல (மொத்த அடியை எண்ணற ஆட்டம்) ஆட்டத்தை விட்டே வெளிய.

டீல ரெண்டு குறி வெச்சிருப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல, முன் விளிம்புல இருந்து பின்னால ரெண்டு கிளப் நீளம் வரைக்கும் உள்ள நீள்சதுரத்துக்குள்ள பந்து இருக்கோணும். கால் வெளிய இருந்தாப் பரவாயில்லை. குறிக்கு முன்னால பந்தை வெச்சு அடிச்சா ரெண்டு அடி தண்டம், மறுபடி உள்ள வெச்சு அடிக்கோணும்.

கிளப்பு பட்டோ தானாவோ பந்து டீ மேல இருந்து விழுந்தா தண்டம் இல்லை, எடுத்து வெச்சுக்குங்க. பயிற்சி வீச்சுல தெரியாம பந்தைத் தட்டிட்டாலும் டீல தண்டம் இல்லை. ஆனா அடிக்கோணும்னு வீசிக் காத்தை வெட்டினா அது ஒரு அடி. "பந்து நகரவே இல்லையே"ன்னு கேட்டாலும் அது அடிதான்.

மத்தவங்க அடிக்கறப்ப அவங்க முகத்துக்கு எதிர்ப்பக்கமா, நாலஞ்சு எட்டுத் தள்ளி நிக்கோணும். பின்னால நேர்க்கோட்டுல நிக்கக் கூடாது, நிழல் பந்து மேல விழக் கூடாது. காத்தால வெயில்ல நிழல் நீளமா ஓடும், நின்ன இடத்துல இருந்தே ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. போன் சத்தம் அடங்கி இருக்கோணும்.

பந்து ஆள் பக்கம் போச்சுன்னா "ஃபோர்"னு கத்தறது உலக வழக்கம். நம்ம கோர்ஸ்ல களை எடுக்கற அம்மணிகளுக்கும் தண்ணி விடறவருக்கும் அந்தச் சொல்லு புரியும்னு எதிர்பார்க்கக் கூடாது. "பந்து வருது!"ன்னு தமிழ்லயே கத்துங்க. அதை விட நல்லது, அவங்க விலகற வரைக்கும் அடிக்காம நிக்கறது. 46 கிராம் பந்துதான், தலையில பட்டா ஆள் போயிரும்.

ஜூன் 10, ராத்திரி 8.50

புதுசா வர்றவங்க கணக்குத் தடுமாறற இடம், காணாமப் போன பந்து.

கோர்ஸ் எல்லையைக் காட்டற வெள்ளைக் குச்சிக்கு வெளிய பந்து முழுசாப் போயிருந்தா ஓபி, அதாவது எல்லை தாண்டின பந்து. ஒரு ஓரம் உள்ள தொட்டுட்டு இருந்தாக் கூட ஓபி இல்லை. ஓபி ஆனாலும் காணாமப் போனாலும் வழி ஒண்ணுதான்: எங்க இருந்து அடிச்சீங்களோ அங்கயே திரும்பிப் போய், ஒரு அடி தண்டத்தோட மறுபடி அடிக்கோணும். டீல அடிச்சது ஒண்ணு, தண்டம் ஒண்ணு, இப்ப அடிக்கறது மூணாவது. இங்கதான் பாதிப்பேர் "ரெண்டாவது"ன்னு எழுதறாங்க.

இருநூத்தம்பது கெஜம் நடந்து போய்த் தேடிட்டு, இல்லைன்னு திரும்பி வந்தா பின்னால வர்ற கூட்டமெல்லாம் நின்னுரும். அதுக்குத்தான் ப்ரொவிஷனல். பந்து போன இடம் சந்தேகமா இருந்தா அங்கயே இன்னொரு பந்தை அடிச்சு வெச்சுட்டுப் போகலாம். ஆனா அடிக்கறதுக்கு முன்னால "ப்ரொவிஷனல் அடிக்கறேன்"னு வாய் விட்டுச் சொல்லோணும். "இன்னொண்ணு போடறேன்"னு மட்டும் சொன்னாப் பத்தாது. அப்படிச் சொல்லி அடிச்சா அந்த ரெண்டாவது பந்துதான் ஆட்டப் பந்து, முதல் பந்து ஃபேர்வே (டீக்கும் குழிக்கும் இடையில வெட்டி விட்ட புல்வெளி) நடுவுல கிடந்தாலும் செத்த பந்து. ப்ரொவிஷனல்னு சொல்லி அடிச்சிருந்து முதல் பந்து எல்லைக்குள்ள கிடைச்சா அதைத்தான் ஆடோணும். ரெண்டுல நல்லதாப் பார்த்து எடுத்துக்கற பேச்சே கிடையாது.

தேடறதுக்கு அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல கிடைச்சாலும் காணாமப் போனதாத்தான் கணக்கு.

ஜூன் 10, ராத்திரி 9.15

மேல எழுதினதுல ஒரு திருத்தம். அஞ்சு நிமிஷம் இல்லீங்க, மூணு நிமிஷம். 2019ல விதியை மாத்தினப்பக் குறைச்சாங்க. பல வருஷமா ஆடறவங்க வாயில இன்னும் அஞ்சுதான் வரும். யாராவது சொன்னா மூணுன்னு திருத்துங்க. பந்து விழுந்த பக்கம் போய்ச் சேர்ந்து தேட ஆரம்பிச்ச நொடியில இருந்து மூணு, நடந்து போற நேரம் இதுல சேராது.

அதே 2019ல வந்த இன்னொண்ணு: கிளப் விரும்பினா ஒரு உள்ளூர் விதி வெச்சுக்கலாம். திரும்பிப் போகாம, பந்து போன இடத்துக்கு நேரா ஃபேர்வே ஓரத்துல ட்ராப் பண்ணி (பந்தைக் கையில இருந்து கீழ விட்டு) ரெண்டு அடி தண்டம் கட்டலாம். டீல இருந்து போன பந்துன்னா அடுத்தது நாலாவது அடி. சும்மா ஆடற நாளுக்கு இது ரொம்ப உதவி. ப்ரொவிஷனல் அடிச்சு அது நல்லாக் கிடந்துச்சுன்னா இந்த வழி கிடையாது. ஸ்கோர் கார்டோட பின்பக்கம் போட்டிருக்கும், ஆரம்பிக்கறதுக்கு முன்னால பார்த்துக்குங்க.

ஜூன் 13, மத்தியானம்

குச்சி நிறம்.

மஞ்சள், சிவப்பு ரெண்டும் பெனால்டி ஏரியா. குட்டை, ஓடை, பள்ளம் எல்லாம் இதுல வரும். உள்ள கிடக்கற பந்தை அப்படியே அடிக்க முடிஞ்சா அடிச்சுக்கலாம், தண்டம் இல்லை. கிளப்பைத் தரையில ஊனலாம், சருகை எடுத்துப் போடலாம். ("ஊனக் கூடாது"ன்னு யாராவது அதட்டினா அது 2019க்கு முந்தின விதி.)

அடிக்க முடியலைன்னா ஒரு அடி தண்டம். மஞ்சளுக்கு ரெண்டு வழி: கடைசியா அடிச்ச இடத்துக்கே திரும்பிப் போறது, இல்லைன்னா பந்து எல்லையைக் கடந்த இடத்தையும் கொடிக்குழியையும் கோடு போட்டு, அந்தக் கோட்டுல ஏரியாவுக்குப் பின்னால எவ்வளவு தூரம் வேணும்னாலும் போய் ட்ராப் பண்றது. சிவப்புக்கு மூணாவது வழியும் உண்டு: எல்லையைக் கடைசியாக் கடந்த இடத்துல இருந்து ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள, குழிக்குக் கிட்டப் போகாம. கிளப் நீளம்னா பையில இருக்கறதுல பட்டரை (குழிக்குக் கிட்ட உருட்டி அடிக்கற கிளப்) விட்டுட்டு மிச்சத்துல நீளமானது.

ட்ராப் பண்றது முழங்கால் உயரத்துல இருந்து. நிமிர்ந்து நின்னு, முழங்காலுக்கு நேராக் கையை வெச்சு, பந்தை விட்டுறோணும். சுழட்டக் கூடாது, உருட்டக் கூடாது. குறிச்ச எல்லைக்குள்ள விழுந்து அதுக்குள்ளயே நிக்கோணும். வெளிய ஓடினா இன்னொரு தடவை. அப்பவும் ஓடினா, ரெண்டாவது தடவை தரையைத் தொட்ட இடத்துல கையால வெச்சுருங்க. தோள் உயரத்துல இருந்து விடறது பழைய முறை. அப்படி விட்டுட்டா அடிக்கறதுக்கு முன்னால எடுத்து மறுபடி சரியா விடுங்க, தண்டம் இல்லை. அப்படியே அடிச்சாத்தான் தண்டம்.

வேலிகாத்தான் முள்ளுக்குள்ள பந்து போச்சுன்னா இலவசம் எதுவும் கிடையாது. முள்ளு குத்துதுங்கறதை விதி ஒரு காரணமா எடுத்துக்காது. "ஆட முடியாத பந்து"ன்னு நீங்களே அறிவிச்சுக்கிட்டு ஒரு அடி கட்டோணும். கடைசியா அடிச்ச இடம், இல்லைன்னா குழிக்கு நேர்க்கோட்டுல பின்னால, இல்லைன்னா பந்து கிடந்த இடத்துல இருந்து ரெண்டு கிளப் நீளம். இந்த மூணாவதை எடுக்கறதுக்கு முன்னால ரெண்டு கிளப்பையும் தரையில வெச்சு அளந்து பாருங்க. வேலிகாத்தான் விரிஞ்சு படர்றது. ரெண்டு கிளப் அளந்த பொறவும் புதருக்குள்ளயேதான் நிப்பீங்க. அப்பப் பின்னால போறதுதான் புத்தி.

ஜூன் 14, காத்தால (கேள்வி)

முள்ளுக்குச் சலுகை இல்லீங்கறீங்க, சரிங்ணா. பாம்பு இருந்தா?

ஜூன் 14, பொழுதோட

பாம்புக்கு உண்டு. விதிப் புத்தகத்துல பேர் சொல்லியே இருக்குது: விஷப் பாம்பு, கொட்டற தேனீ மாதிரி ஆபத்தான உயிர் பந்துக்குப் பக்கத்துல இருந்தா இலவசமா விலகிக்கலாம். ஆபத்து இல்லாத கிட்டின இடத்தைக் கண்டு, அதுல இருந்து ஒரு கிளப் நீளத்துக்குள்ள, குழிக்குக் கிட்டப் போகாம ட்ராப். பந்தை எடுக்கப் போக வேண்டியதே இல்லை, வேற பந்தைப் போட்டுக்கலாம். பந்து இருநூறு ரூவாயா இருந்தாலும் புத்துக்குள்ள கையை விடாதீங்க.

புத்துன்ன உடனே இதையும் சொல்லிறலாம். எறும்பு கிளறின மண்ணு, மண்புழு எருவு எல்லாம் சருகு மாதிரிதான், தட்டி விடலாம். கல்லாட்டம் இறுகின கரையான் புத்தைத் தட்ட முடியாது. கிளப் கமிட்டி சுத்திக் கோடு போட்டு "பழுது பார்க்கற நிலம்"னு அறிவிச்சிருந்தா இலவச விலகல், இல்லைன்னா ஆட முடியாத பந்துதான். எலி வளை, கீரி வளைக்குக் கோடு போடாமயே இலவசம்.

மயில் இன்னொரு பக்கம். நம்ம பக்கம் காட்டுக்குக் காடு மயிலு, கோர்ஸ்ல கேக்க வேண்டாம். நின்ன பந்தை மயில் கொத்தி நகர்த்தினாலோ நாய் கவ்விட்டு ஓடினாலோ தண்டம் இல்லை, பழைய இடத்துல வெச்சு ஆடுங்க. ஓடற பந்து மயில் மேல பட்டுத் திரும்பினா, திரும்பி நின்ன இடத்துல இருந்து ஆடோணும். ஒரே ஒரு விலக்கு, கிரீன் (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்) மேல இருந்து பட் பண்ணின (உருட்டி அடிச்ச) பந்து மயில் மேல பட்டா அந்த அடி கணக்குலயே சேராது, மறுபடி அதே இடத்துல இருந்து ஆடோணும்.

தென்னை மட்டை, உதுந்த வேப்பிலை, சாணி எல்லாத்தையும் அப்புறப்படுத்தலாம். ஆனா மட்டையை இழுக்கறப்பப் பந்து நகர்ந்தா ஒரு அடி. மட்டை நுனி பந்து மேல சாஞ்சிருந்தா அடிப்பக்கத்துல இருந்து இழுக்காதீங்க. ஓலையை ஓலையா ஒடிச்சு எடுக்கறதுதான் வழி.

ஜூன் 21

பங்கர், அதாவது மணல் குழி.

மணல்ல நாலு வேலை கூடாது: மணலைச் சோதிக்கறதுக்குத் தொடறது, பயிற்சி வீச்சுல மணல் படறது, பந்துக்கு ஒட்டி முன்னாலயோ பின்னாலயோ கிளப்பை ஊனறது, பின்னுக்கு வீசறப்ப மணலைத் தொடறது. நாலுக்கும் ரெண்டு அடி தண்டம். சருகை எடுக்கலாம். தடுக்கி விழாம இருக்கக் கிளப்பை ஊனிக்கலாம். ஆட முடியலைன்னா ஒரு அடி கட்டிப் பங்கருக்குள்ளயே ட்ராப், ரெண்டு அடி கட்டினா நேர்க்கோட்டுல பின்னால வெளிய வந்துறலாம். மூணு தடவை அடிச்சும் ஏறலைன்னா இந்த ரெண்டு அடி மலிவு.

விதியை விட முக்கியமானது ரேக்கு. தாழ்வான பக்கமா இறங்குங்க, செங்குத்தான முகத்து வழியா இறங்கினா உதடு சரிஞ்சு விழும், அதைத் திரும்பக் கட்டக் கோர்ஸ் ஆளுங்களுக்கு அரை நாள் வேலை. இறங்கறப்பவே ரேக்கைக் கையில எடுத்துட்டுப் போய்ப் பின்னால போட்டு வெச்சுக்குங்க. அடிச்ச பொறவு பின்னுக்கு நடந்துக்கிட்டே, கால் தடத்தையும் அடிச்ச குழியையும் மூடிக்கிட்டு வெளிய வாங்க. பல்லை அழுத்தி இழுத்தா உழவு சால் மாதிரி வரப்பு விழும், அடுத்தவர் பந்து அந்தச் சாலுக்குள்ள உக்காந்துரும். ரேக்கை எடை இல்லாம மேலாப்புல இழுக்கோணும். கடைசியில பல்லைத் திருப்பி, முதுகுப் பக்கத்தால ஒரு தடவை தள்ளி விட்டாச் சமமா நிக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கிரீன். இதுக்குத்தான் நேத்தே சுருக்கமா முடிச்சேன்.

கோர்ஸ்ல போடற பெர்முடா புல்லுங்கறது வேற எதுவும் இல்லை, நம்ம அருகம்புல் ஜாதி. பிள்ளையாருக்கு வெக்கறது, வயல்ல களைன்னு பிடுங்கறது, அதே இனம். அதோட சுபாவம் தெரிஞ்சா மரியாதை எல்லாம் தானாப் புரியும். அருகு கொடி ஓடிப் பரவற புல்லு. ஃபேர்வேல பெயர்ந்து போன புல்லுக்கட்டியைத் திருப்பி வெச்சா நம்ம வெயிலுக்குப் பெரும்பாலும் காஞ்சுரும். அதனால வண்டியில வெச்சிருக்கற மணலை அந்தக் குழிக்குள்ள கொட்டி, காலால சமமா மிதிச்சு விடோணும். ஓரத்துக் கொடி மணல் மேல ஓடி மூடிக்கும். மணலை மேட்டாக் கொட்டினா வெட்டற மெஷின் பிளேடுல மாட்டும், தரை மட்டத்துக்கு ஒரு நூல் கீழ இருந்தாப் போதும். மணல் இல்லாத கோர்ஸ்ல கட்டியைத் திருப்பி வெச்சு மிதிச்சுருங்க. சும்மா விட்டுட்டுப் போறதுதான் கூடாது.

கிரீன் மேல உயரத்துல இருந்து விழற பந்து ஒரு குழி போடும், கட்டை விரல் அமுக்கின மாதிரி. இதைச் சரி பண்றதுல பத்துக்கு எட்டுப் பேர் தப்புப் பண்றாங்க. முள்ளுக் கருவியைக் குழிக்கு அடியில விட்டு மேல நெம்பறாங்க. பள்ளம் மேடாகும், பார்க்கச் சரியானாப்பல தெரியும், ஆனா அடி வேர் அறுந்துரும். ரெண்டு நாள்ல அந்த இடம் பழுப்பா வட்டம் கட்டும். சரியான முறை: குழிக்கு வெளிய, நல்லா இருக்கற புல்லுல கருவியைச் சாய்வாக் குத்தி, விளிம்பை நடுவுக்குத் தள்ளோணும். சுத்தி நாலஞ்சு பக்கம் இதே மாதிரி. கிழிஞ்ச துணியோட ரெண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்துத் தைக்கற மாதிரிதான். அப்புறம் பட்டர் அடிப்பக்கத்தால ரெண்டு தட்டு. கையால தடவினா மேடு பள்ளம் தெரியக் கூடாது. கருவி இல்லைன்னா மரத்து டீயே போதும். உடனே பண்ணினது சில நாள்ல மூடிக்கும், விட்டுட்டா வாரக் கணக்கு ஆகும். உங்க குழி ஒண்ணு, பக்கத்துல யாரோ விட்டுட்டுப் போனது ஒண்ணு, ரெண்டு சரி பண்ணிட்டு நகருங்க. விதியும் அனுமதிக்குது, உங்க பட் போற வழியில ஷூ கீறின தடம் இருந்தாக் கூடச் சரி பண்ணிக்கலாம்.

பந்தை எடுக்கறதுக்கு முந்தியே அதுக்குப் பின்னால காசை அடையாளமா வெக்கோணும். வெக்காம எடுத்தா ஒரு அடி. காசு மத்தவர் வழியில இருந்தா பட்டர் தலை ஒண்ணு அளவு பக்கத்துல தள்ளி வெச்சுத் தரலாம், அப்புறம் திருப்பி வெக்க மறந்து ஆடினா ரெண்டு அடி. தள்ளி வெச்சப்பக் காசைத் தலை மாத்திப் போட்டுருங்க, குனியறப்ப ஞாபகம் வந்துரும்.

கொடியை எடுக்காமயே பட் பண்ணலாம், 2019ல இருந்து தண்டம் இல்லை. எடுத்தா மெதுவா ஓரத்துல படுக்க வெக்கோணும், வீசினாத் தழும்பு விழும். குழி விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து ஏறக்குறைய 43. அந்த விளிம்புதான் கோர்ஸ்லயே நோஞ்சான் இடம். பந்தைக் கையால எடுங்க. பட்டர் தலையால நோண்டி எடுக்கறவங்க பொழுதுக்குள்ள விளிம்பை முறிச்சுருவாங்க. குழிக்கு ஒரு அடிக்குள்ள கால் வெக்காம எட்டி எடுக்கோணும். மத்தவங்க பந்துக்கும் குழிக்கும் நடுவுல இருக்கற கோட்டை மிதிக்காம சுத்திப் போங்க.

பட் பண்ணின பந்து கிரீன்ல நின்ன இன்னொரு பந்து மேல பட்டா ஸ்ட்ரோக் பிளேல அடிச்சவருக்கு ரெண்டு அடி. கிட்டத்துல இருக்கற பந்தை எடுக்கச் சொல்லிக் கேக்கறதுல கூச்சம் வேண்டாம்.

ஜூலை 2

ஒரு கணக்கு. ஒரு ஆள் 90 அடி அடிக்கறார்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு அடிக்கும் பத்து செகண்டு வீணாக்கினா 900 செகண்டு. நாலு பேர் சேர்ந்தா 3,600. சரியா ஒரு மணி நேரம். பின்னால வர்ற அத்தனை கூட்டத்துக்கும் அந்த ஒரு மணி நேரம் போகுது.

உங்க முறை வந்தா 40 செகண்டுக்குள்ள அடிக்கோணும்னு விதிப் புத்தகமே பரிந்துரைக்குது. தூரத்துல இருக்கறவர் முதல்லங்கறது முறை, ஆனா ஸ்ட்ரோக் பிளேல யார் தயாரோ அவங்க அடிச்சுக்கலாம், ஆபத்து இல்லைன்னா. அடுத்தவர் அடிக்கறப்பவே உங்க தூரத்தைப் பார்த்துக் கிளப்பை எடுத்து வெச்சுருங்க. வண்டியில இருந்து பந்துக்கு நடக்கறப்ப ரெண்டு மூணு கிளப்பைக் கையில எடுத்துட்டுப் போங்க. பையைக் கிரீனுக்கு முன்னால வெக்காம, அடுத்த டீ இருக்கற பக்கம் வெக்கோணும். ஸ்கோரை அடுத்த டீல நின்னு எழுதுங்க, கிரீன் மேல நின்னு விரல் விட்டு எண்ண வேண்டாம். முன்னால ஒரு குழி காலியாக் கிடந்து, பின்னால ஆள் நின்னா, ஓரமா நின்னு கையைக் காட்டி முன்னால விட்டுருங்க.

கம்பெனிக் கூட்டத்துல இன்னொண்ணு. "எந்தக் கிளப் எடுத்தீங்க?"ன்னு போட்டியில கூட ஆடறவரைக் கேக்கக் கூடாது, அது அறிவுரை கேக்கறது, ரெண்டு அடி. "கொடி எவ்வளவு தூரம்?"னு கேக்கலாம், அது பொதுத் தகவல். உங்க கேடிகிட்ட (பை தூக்கிட்டு வர்றவர்) எதை வேணும்னாலும் கேக்கலாம். ஆனா நீங்க அடிக்க நிக்கறப்ப அவர் நேர் பின்னால நின்னு குறி பார்த்துச் சொல்லக் கூடாது.

ஜூலை 19

ஆடி பொறந்தாச்சு. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து கிரீன்ல நின்ன பந்தையே உருட்டுது. இதுல ரெண்டு நிலை.

பந்தை இன்னும் எடுக்காம இருந்து காத்து நகர்த்தினா, நகர்ந்த இடத்துல இருந்து ஆடோணும், தண்டம் இல்லை. அப்படியே உருண்டு குழிக்குள்ள விழுந்தாலும் முன்ன அடிச்ச அடியோட கணக்கு முடிஞ்சுது. ஒரு தடவை காசு வெச்சு எடுத்துத் திருப்பி வெச்ச பொறவு நகர்ந்தா, பழைய இடத்துலயே வெக்கோணும். அதனால காத்து நாள்ல கிரீனுக்கு வந்த உடனே பந்தை எடுத்துத் திருப்பி வெச்சுருங்க. அதுக்கு மேல காத்து எங்க தள்ளினாலும் உங்க இடம் உங்களுக்கு.

ஃபேர்வேல ட்ராப் பண்ணி நின்ன பந்தைக் காத்து பெனால்டி ஏரியாவுக்குள்ளயோ ஓபிக்கோ தள்ளினா, 2023ல இருந்து பழைய இடத்துலயே திருப்பி வெக்கோணும், தண்டம் இல்லை.

ஆகஸ்ட் 3 (கேள்வி)

போய்ட்டு வந்தாச்சுங்ணா. நாலாவது குழியில ஒரு அடி தூரத்துல இருந்த பந்தைக் கூட ஆடினவர் "கொடுத்துட்டேன், எடுத்துக்குங்க"ன்னார். எடுத்துட்டேன். சரிங்களா?

ஆகஸ்ட் 3, ராத்திரி

மேட்ச் பிளேன்னா (குழி குழியா எதிராளியோட மோதற ஆட்டம்) சரி. எதிராளி விட்டுக் கொடுத்தா அது குழிக்குள்ள விழுந்த மாதிரிதான். ஸ்ட்ரோக் பிளேல விட்டுக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. கடைசி விரக்கடை வரைக்கும் அடிச்சு முடிக்கோணும். முடிக்காம அடுத்த டீல அடிச்சா ஆட்டத்துல இருந்து நீக்கம். எடுத்ததை உடனே திருப்பி வெச்சு முடிச்சிருந்தா ஒரு அடியோட போயிருக்கும். நட்பு ஆட்டம்னா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா அந்தக் கார்டை ஹேண்டிகேப்புக்குக் (திறமைக்கு ஏத்தாப்பல கழிச்சுக் கொடுக்கற அடிக் கணக்கு) கொடுக்காதீங்க.

கார்டுல உங்க ஸ்கோரை எழுதறது கூட ஆடறவர். முடிச்ச பொறவு குழி குழியாப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடோணும். உண்மையை விடக் குறைவா எழுதிக் கையெழுத்துப் போட்டா நீக்கம், கூட எழுதிட்டா அந்தக் கூடின எண்ணே நிக்கும். கூட்டல் கமிட்டி வேலை, ஒவ்வொரு குழி எண்ணும் உங்க பொறுப்பு.

புதுசா ஆடறவங்களுக்கு நான் ஸ்டேபிள்ஃபோர்டுதான் (குழிக்குக் குழி புள்ளி எண்ணற ஆட்டம்) சொல்வேன். ஹேண்டிகேப் கழிச்சுப் பார் (அந்தக் குழிக்குக் குறிச்சிருக்கற அடி எண்ணிக்கை) அடிச்சா 2 புள்ளி, ஒண்ணு கூடினா 1, ஒண்ணு குறைஞ்சா 3, ரெண்டோ அதுக்கு மேலயோ கூடினா 0. இனிப் புள்ளி இல்லைன்னு தெரிஞ்ச உடனே பந்தை எடுத்துப் பையில போட்டுட்டு அடுத்த டீக்கு நடக்கலாம். யாரும் காத்திருக்க வேண்டாம். ஹேண்டிகேப் 54 வரைக்கும் கொடுக்கறாங்க, கடைசி 20 ஆட்டத்துல நல்ல 8 எடுத்துச் சராசரி போடுவாங்க.

அக்டோபர் 30

ஐப்பசி அடைமழை. ஃபேர்வேல தேங்கின தண்ணில பந்து கிடந்தாலோ, கால் வெக்கற இடத்துல தண்ணி மேல தெரிஞ்சாலோ இலவச விலகல், கிட்டின காஞ்ச இடத்துல இருந்து ஒரு கிளப் நீளம். வெறும் ஈரம், சொதசொதப்பு போதாது, தண்ணி கண்ணுக்குத் தெரியோணும். பந்து தன் குழிக்குள்ளயே புதைஞ்சிருந்தாலும் இலவசம். பங்கருக்குள்ள புதைஞ்சா இல்லை.

இடி இடிச்சா ஆட்டத்தை நிறுத்த யாரையும் கேக்க வேண்டாம். மின்னல் பயம் இருந்தா நீங்களே நிறுத்தலாம், தண்டம் கிடையாது. ஒத்தை மரத்தடியில நிக்காதீங்க.

டிசம்பர் 28, காத்தால

மார்கழிப் பனி. டீ மேல பனித்தண்ணியைத் துடைச்சுக்கலாம், விதி விடுது. கிரீன்ல உங்க பட் போற வழியில பனியைத் துடைச்சா ரெண்டு அடி. துடைக்கவும் தேவையில்லை. முன்னால பட் பண்ணினவர் பந்து பனி மேல கோடு இழுத்துட்டுப் போயிருக்கும், எங்க வளைஞ்சுதுன்னு கோலப்பொடி போட்டாப்பலத் தெரியும், அதைப் பார்த்து ஆடறது தப்பில்லை. யாரு யாரு கோட்டை மிதிச்சாங்கன்னும் அதே பனியில தடம் தடமாத் தெரியும்.

இந்த மாசம் ஊட்டி ஜிம்கானா கோர்ஸுக்குப் போறவங்க கவனிக்க: அங்க பனித்தண்ணி இல்லை, உறைபனி. வெள்ளையா உறைஞ்ச புல்லை மிதிச்சா இலை உள்ளயே நொறுங்கிரும், பொறவு ஷூ அளவுக்குக் கறுப்புத் தடம் வந்து பல நாள் நிக்கும். வெயில் ஏறிப் புல்லு பச்சையாகற வரைக்கும் கிரீன் மேல கால் வெக்காதீங்க. தாமதமா ஆரம்பிக்கச் சொன்னா கேடியை அவசரப்படுத்தாதீங்க.